எருக்குழியில் ஊற்றியது

உரமும் மருந்தும் விற்கிற கடை எனக்கு. தேதி போன பாட்டில், மூடி கசிந்த பாட்டில் என்று வருஷத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி சேரும். மொத்த வியாபாரி திரும்ப எடுக்க மாட்டார். ஹெக்சகோனசோல், புரோபிகோனசோல், டெபுகோனசோல், எல்லாம் பூசண நோய்க்கு அடிக்கிற மருந்துகள். பதினோரு வருஷமாக அவற்றை வீட்டுக் கொல்லை எருக்குழியில்தான் கவிழ்த்தேன். வாய்க்காலில் ஊற்றவில்லையே என்று அதில் ஒரு பெருமை வேறு.

அந்தக் குழி சித்தப்பாவின் பொறுப்பு. கடை வைக்க முதலில் பணம் போட்டவர் அவர்தான். சாணி, வைக்கோல், வாழைமட்டை, கோயில் மாலை என்று எது கிடைத்தாலும் கொண்டுவந்து போடுவார். மார்கழி விடியலில் குழியிலிருந்து ஆவி பறக்கும்; கையை விட்டால் சுடும். மண்வெட்டி போட்டுப் புரட்டினால் சாம்பலும் பச்சையுமாக ஒரு தூள் எழும். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நல்லா வெந்திருக்குடா" என்பார். இருமுவார். இருபது வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் காசநோய் வந்து ஆறியிருந்தது. அது எனக்குத் தெரியும்.

மருந்து விற்பவர்களுக்கென்று ஓராண்டு டிப்ளமா ஒன்று இருக்கிறது, வாரம் ஒருநாள் வகுப்பு. பாதி நாள் தூக்கம்தான். ஒருநாள் பாடம் எடுத்தவர், ஆஸ்பத்திரியில் நுரையீரல் பூசணத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளின் பெயரைச் சொன்னார்: வோரிகோனசோல், இட்ரகோனசோல். அந்தப் பெயர்களின் வாலைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் அலமாரியில் இருப்பவையும் அதே வால் உள்ளவை.

ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ் என்று ஒரு பூசணம். 50 டிகிரி சூட்டிலும் வளரும் என்பதால் வேகிற எருக்குழி அதற்குத் தாய்வீடு. அதன் வித்துகள் 2, 3 மைக்ரான்தான்; மூச்சோடு நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போய்விடும். திடமான உடம்பு அதைத் துடைத்துத் தள்ளிவிடும். காசநோய் குடைந்துவிட்டுப் போன பொந்து இருந்தால் அங்கே குடியேறி உருண்டையாகத் திரளும். அதைப் பிடிக்கக் கொடுக்கிற மாத்திரையும் நான் விற்கிற மருந்தும் தாக்குவது ஒரே இடத்தை: பூசணத்தின் செல் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெராலைச் செய்துதரும் நொதி. குழியில் என் மருந்துக்கு ஈடுகொடுத்துப் பிழைக்கப் பழகியதிடம் மாத்திரையும் தோற்கும்.

இதை முதலில் பெரிதாகக் கவனித்தவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். அந்த மாத்திரையை ஒருநாளும் விழுங்காத நோயாளிகளிடம் மாத்திரைக்கு மசியாத பூசணம் இருந்தது. அந்த வகையில் 1998-லேயே எடுத்து வைத்த மாதிரியும் கிடைத்தது. பிறகு தேடிப் போனால், டூலிப் கிழங்குகளை மருந்தில் முக்கி நடும் ஊர்களின் கழிவுக் குவியல்களில் அது மண்டிக் கிடந்தது. டூலிப் நமக்கெதற்கு என்று விட்டுவிடலாம் என்றால், டெல்லி வல்லபபாய் படேல் மார்புநோய் நிறுவனத்தின் அனுராதா சௌத்ரி குழுவினர் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் நம் நாட்டு நெல்வயல், தேயிலைத் தோட்டம், ஆஸ்பத்திரிப் பூந்தொட்டி மண்ணிலெல்லாம் அதைக் கண்டிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் போட்ட ஆபத்தான பூசணங்களின் பட்டியலில் முதல் வரிசை நான்கில் இதுவும் ஒன்று.

நெல்வயல் என்றதும் எனக்கு உறைத்தது குழி மட்டும் இல்லை. தொண்டைக்கதிர் பருவத்தில் யார் யூரியா வாங்க வந்தாலும், "எதுக்கும் ஒரு தடவ அடிச்சிடுங்கண்ணே" என்று ஒரு பாட்டிலை நீட்டுவது என் வழக்கம். வயலில் நோய் இருக்கிறதா என்று கேட்டதில்லை. அந்த மருந்து அடிப்பது நெற்பழம் என்ற பூசண நோய்க்கு; எங்கள் ஊரில் பழைய ஆட்கள் அதை லட்சுமி நோய் என்பார்கள், விளைச்சல் கூடும் வருஷத்தில் வருவதாம். அந்த நம்பிக்கையைச் சிரித்தே அழித்தவன் நான். "மருந்து கேக்கலப்பா" என்று திரும்பி வருபவருக்கு வேறு பெயரில், வேறு நிற மூடியில் அதே குழு மருந்தைக் கொடுத்தனுப்பினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே குழு, எண் 3, என்பது தெரியும். லாபம் எவ்வளவு என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

வகுப்பு முடிந்து வந்த மறுநாளே சித்தப்பாவை எருக்குழிப் பக்கம் போகவிடாமல் நிறுத்தினேன். காரணத்தைச் சொல்லவில்லை. "முட்டி வலியோட எதுக்கு, ஆள் வச்சிக்கலாம்" என்றேன். தன்னை ஒதுக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நாலு மாதம் கடைப் பக்கமே வரவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஊருக்குத் தெரியும், கடைக்கு எவன் வருவான் என்று இருந்துவிட்டேன். குழியில் அந்த வகை இருந்ததா என்று யாரும் சோதிக்கவில்லை. அதையே எனக்குச் சாதகமாக வைத்துக்கொண்டேன்.

இந்தத் தையில் அவருக்கு இருமல் கூடியது. நான்தான் கூட்டிப்போனேன். குப்பை, தூசி கிளறுகிற வேலை உண்டா என்று டாக்டர் கேட்டார். "அதெல்லாம் விட்டு மூணு வருஷமாச்சுங்க. இந்தப் பயதான் செய்யக்கூடாதுன்னு நிறுத்தினான்" என்று என் தோளைத் தட்டினார் சித்தப்பா. அந்தக் குழியில் என்ன ஊற்றினேன் என்று டாக்டரிடம் சொல்ல அதைவிட நல்ல சமயம் இல்லை. நான் எக்ஸ்ரே உறையை மடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.