வலி நின்ற நாள்

தை மாத அறுவடைக் காலம். காவிரிப் படுகைச் சிற்றூர் ஒன்றில் உழவர் ஒருவர் நான்கு நாள்களாகப் பல்வலியால் உறக்கமின்றித் தவித்தார். கீழ்க் கடைவாய்ப்பல்லில் நெடுநாளாக ஒரு சொத்தை. கதிர் களம் சேரட்டும் என்று மருத்துவரைக் காண்பதைத் தள்ளிவைத்தார். மனைவி தந்த கிராம்பு சற்று நேரம் வலியை மறக்கச் செய்தது. ஐந்தாம் நாள் காலையில் வலி முற்றிலும் நின்றது. பல் தானே ஆறிவிட்டதென மகிழ்ந்து வயலுக்குச் சென்றார்.

பல் ஆறவில்லை, அதன் உயிர் போயிருந்தது.

உடலிலேயே மிகக் கடினமான பொருள் பற்சிப்பி. எனினும், பல்லில் தங்கும் இனிப்பையும் மாவுப்பொருளையும் நுண்ணுயிர்கள் அமிலமாக மாற்றும்போது அது சிறிது சிறிதாகக் கரைகிறது. குழிந்த இடம் மீண்டும் வளர்வதில்லை. குழி ஆழ்ந்து, நரம்பும் குருதிநாளமும் உறையும் பற்கூழை எட்டினால் அங்கே அழற்சி தோன்றுகிறது. சுற்றிலும் கடினமான சுவர்; வீங்க இடமில்லை. அதனாலேயே அவ்வலி அத்துணைக் கொடியது. நரம்பு மடிந்தபின் வலி அடங்கும். கிருமிகளோ வேர்நுனி வழியே தாடையெலும்பில் இறங்கிச் சீழ்க்கட்டியை உண்டாக்கும்.

அடுத்த வாரம் அவர் கன்னம் வீங்கியது. கடையில் வாங்கிய மாத்திரைகளால் வடிந்தது; மாசியில் மீண்டும் எழுந்தது. நோயோடு அதன் காரணத்தையும் ஆராயச் சொல்கிறார் வள்ளுவர். காரணம் பல்லுக்குள் இருக்க, மாத்திரை மட்டும் என்ன செய்யும்? இம்முறை காய்ச்சலும் சேர்ந்தது. வாய் திறக்கவில்லை, கஞ்சியும் இறங்கவில்லை.

"நெல்லு எங்கயும் போயிடாதுப்பா. கெளம்புங்க" என்று பதினொன்றாம் வகுப்புப் பயிலும் மகள் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். வீக்கம் கழுத்துக்குப் பரவினால் மூச்சுக்கே இடர் நேரும் என்றார் மருத்துவர். சீழ் வடிக்கப்பட்டது, பல் பிடுங்கப்பட்டது. தொடக்கத்திலேயே வந்திருந்தால் சொத்தையை அடைத்தோ, வேர்ச்சிகிச்சை செய்தோ பல்லைக் காத்திருக்கலாம்.

வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளிப்பதும், கன்னத்தின்மேல் குளிர்ந்த ஒத்தடம் இடுவதும் மருத்துவரை அடையும் வரைக்குமான துணைகளே. வலிக்கும் இடத்தில் ஆஸ்பிரின் மாத்திரையை வைத்தால் ஈறு வெந்து புண்ணாகும். வீக்கத்தோடு காய்ச்சலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் தடையோ தோன்றினால் ஒரு நாழிகையும் தாமதித்தல் ஆகாது.

பயிரில் பூச்சி கண்ட அன்றே மருந்து தேடுபவர் அவ்வுழவர். தம் பல்லுக்கு மட்டும் தவணை சொல்லியிருந்தார். ஆனி மாதம் ஒரு காலை, இளைய மகன் தண்ணீர் குடித்துவிட்டுப் பல் கூசுகிறது என்றான். அன்று நடவு நாள்; ஆள்கள் வயலில் காத்திருந்தனர். நடவை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, மகன் கையைப் பற்றிக்கொண்டு அவர் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.