குழித்தறியும் குலத்தளையும்

கைத்தறியைக் காப்போம் என்று முழங்குவோர் நாட்டிலே பலர் உண்டு. முழக்கம் நன்று, நாமும் சேர்ந்தே முழங்குவோம். ஆனால், தோழர்களே, காக்கப்பட வேண்டியது தறியா, தறியிலே அமர்ந்திருக்கும் மனிதனா என்று கேட்டுப் பாருங்கள். பலருடைய குரல் அடங்கிவிடும்!

ஒடிசாவிலே, கோராபுட் மாவட்டத்திலே, கோட்பாட் என்றோர் ஊர். பழங்குடி மக்கள் உடுத்தும் ஆடைகளை அங்கே பனிகா நெசவாளர்கள் வழிவழியாக நெய்து வருகின்றனர். நம் சேலம், நாமக்கல் சமவெளியின் வேலியோரங்களில் நிற்கும் நுணாவுக்கு உறவான மரத்தின் வேர்ப்பட்டையே அவர்களுக்குச் சாயம். நூலை ஆமணக்கெண்ணெயிலும் சாம்பல் நீரிலும் சாணக் கரைசலிலும் தோய்த்து, உலர்த்தி, பல நாள் பக்குவப்படுத்திய பிறகே சாயம் ஏற்றுகின்றனர். செந்நிறம் பிறக்கிறது, அன்னபேதி சேர்ந்தால் அதுவே கருமை கொள்கிறது. எந்தத் தெய்வமும் காதிலே ஓதிய மந்திரமன்று இது. கண்டு, சோதித்து, திருத்திக் கொண்ட அறிவு. ஏட்டில் ஏறாத வேதியியல்! 2005 இல் அத்துணி புவிசார் குறியீடு பெற்றது. 2018 இல் அவ்வூர் நெசவாளர் கோவர்தன் பனிகா பத்மஸ்ரீ விருது பெற்றார்.

நம் சமவெளிக்கு வருவோம். 1897 இல் செருமனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அவுரி விளைந்த வயல்கள் சுருங்கின. செயற்கைச் சாயத்தை நாம் பகைக்கவில்லை. ஏழையின் சேலையிலும் வண்ணம் ஏறியது அதனாலன்றோ! ஆனால், குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் சுத்திகரிக்காத சாயக்கழிவு காவிரியிலே கலந்த கொடுமையை மறைக்க முடியுமா? வேர்ச்சாயம் வேண்டுமென்கிறோம், பழமை என்பதற்காக அன்று, ஆற்றுக்கும் உழைப்பவன் உடலுக்கும் நல்லது என்பதற்காக.

இராசிபுரம் பக்கத்துத் தறிவீடொன்றிலே, "பிள்ளையும் தறிக்கு வருவானா?" என்று கேட்டோம். "இந்தக் குழி என்னோட போகட்டுமுங்க" என்றார் முதியவர். கலையின் மீது வெறுப்பா அது? இல்லை, கூலியின் மீது அவர் எழுதிய தீர்ப்பு!

1953 இல் இராசாசி, அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்று திட்டம் வகுத்தார். குலக்கல்வி என்று அதனை அடையாளங்காட்டி எதிர்த்தது நம் இயக்கம். 1954 இல் திட்டம் வீழ்ந்தது. அதே 1953 இல் அண்ணாவும் கழகத் தோழர்களும் கைத்தறித் துணியைத் தோளிலே சுமந்து தெருவிலே விற்றனர். முரண்பாடா? இல்லை. நெய்த துணிக்குச் சந்தை வேண்டும். நெய்பவன் மகனுக்கு விலங்கு வேண்டாம். இரண்டும் ஒரே கொள்கையின் பாவும் ஊடையும்!

ஆகவே, கைத்தறிக்கென 11 வகைத் துணிகளை ஒதுக்கும் 1985 ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டோடு நில்லாமல் நடைமுறையாகட்டும். வேர்ச்சாய நுட்பம் தொழிற்பள்ளிகளிலே பாடமாகட்டும். எந்தச் சாதியிலே பிறந்த ஆணும் பெண்ணும் கற்கட்டும். தறியில் பிறந்தவன் மருத்துவனாகட்டும். விரும்பி வருபவன் வயிறார உண்டு நெய்யட்டும். அன்று கைத்தறி தானே வாழும். காப்போம் என்ற முழக்கத்துக்கே வேலையிராது!