ஏட்டில் ஏறாத வீரம்

வீரம் எவருக்கு உரியது? வாளெடுத்த குலத்துக்கு மட்டுமா? வெள்ளைத் தோலுக்கு மட்டுமா? முதலில் பிறப்பைக் கேட்டறிந்து, பிறகு பாராட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் பழக்கம் உலகில் பல நாடுகளில் இருந்தது. அமெரிக்கப் படைத்துறையின் ஏடுகளிலும் அது குடிகொண்டிருந்தது. அதற்குச் சான்று, ஹென்றி ஜான்சன் என்னும் கறுப்பினப் போர்வீரனின் வரலாறு.

படிப்பகத்தில் அந்த வரலாற்றை நாம் எடுத்துரைத்தபோது, இளந்தோழர் ஒருவர் எழுந்து கேட்டார்: "ஒருவன் நின்று ஒரு கூட்டத்தையே விரட்டினான் என்கிறீர்களே, ஐயா! ஒரே அம்பால் ஆயிரவரை வீழ்த்தும் புராணத்தைக் கேட்டு நகைக்கிறோம். இதை மட்டும் எப்படி நம்புவது?"

முறையான கேள்வி! பிடிக்காதவர் கதைக்கு ஒரு தராசு, பிடித்தவர் கதைக்கு மற்றொரு தராசு என்று வைத்துக்கொள்வது பகுத்தறிவு ஆகாது. எனவே தேடினோம். கிடைத்த செய்திகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தோம்.

ஜான்சன், நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகர ரயில் நிலையத்திலே பெட்டி சுமந்து பிழைத்தவர். உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். 1917 ஜூனில் படையில் சேர்ந்தார். கறுப்பினத்தவர் நிறைந்த அவருடைய 369ஆம் காலாட்படைப் பிரிவு பிரான்சு போய்ச் சேர்ந்ததும், அமெரிக்கத் தலைமை அதனைத் தன் வெள்ளைப் படைகளோடு நிறுத்தவில்லை. பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்துவிட்டது. மக்களாட்சியைக் காக்கும் போர் என்று முழங்கினர். அந்தப் போரிலே தோளோடு தோள் நிற்கத் தோலின் நிறம் தடை!

1918 மே 15. ஆர்கோன் காட்டோரம் நள்ளிரவுக் காவல். ஜான்சனும் நீடாம் ராபர்ட்ஸ் என்ற தோழரும் நின்றிருந்தனர். செர்மானியர் திடீரெனத் தாக்கினர். ராபர்ட்ஸ் படுகாயமுற்று விழுந்தார். ஜான்சன் கைக்குண்டு வீசினார், துப்பாக்கியால் சுட்டார். சுடமுடியாமற்போனபோது அதையே தடியாக்கி அடித்தார். பகைவர் ராபர்ட்ஸைச் சிறைபிடித்து இழுத்துச் செல்ல முயன்றதும், கனத்த கத்தியொன்றை உருவிப் பாய்ந்து தோழரை மீட்டார். பகைவர் பின்வாங்கினர். ஜான்சன் உடலில் இருபத்தொரு காயங்கள்!

பகைவர் எத்தனை பேர்? இங்கேதான் தராசு வேண்டும். விடிந்ததும் களத்தைப் பார்வையிட்ட மேலதிகாரி, இரத்தச் சுவடுகளையும் பகைவர் விட்டுச்சென்ற கருவிகளையும் கொண்டு, இருபத்து நால்வர் இருக்கலாம் எனக் கணித்தார். பிற்காலத்து அரசுப் பாராட்டுரையோ "குறைந்தது பன்னிருவர்" என்று அடக்கமாகச் சொல்கிறது. நாம் பன்னிரண்டையே எடுத்துக்கொள்வோம். எண்ணிக்கை குறைந்தது, வீரம் குறைந்ததா? புராணத்துக்கும் வரலாற்றுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. புராணத்தின் எண்ணிக்கையை எவரும் களம் சென்று சரிபார்த்ததில்லை. வரலாறு சரிபார்க்கச் சொல்லிச் சுவடுகளை விட்டுச் செல்கிறது.

பிரான்சு உடனே தன் போர்ச் சிலுவைப் பதக்கத்தைச் சூட்டியது. அவருடைய தாய்நாடு என்ன செய்தது? 1919 பிப்ரவரியில் நியூயார்க் வீதியிலே ஊர்வலம் விட்டது, கைதட்டியது, பதக்கம் தரவில்லை. அடுத்த மாதம் செயின்ட் லூயி நகரக் கூட்டத்தில் வெள்ளை வீரர்களின் நிறவெறியை ஜான்சன் வெளிப்படையாகச் சாடினார். புகழ் மங்கியது, வறுமை சூழ்ந்தது. 1929 ஜூலையில் மாண்டார்.

பின்னாளில் அன்பர்கள் பதக்கம் கேட்டு வாதாடியபோது, சான்று போதாது என்று பதில் வந்தது. சான்று எங்கே இருந்தது? அரசின் ஆவணக் குவியலுக்குள்ளேயே! அமெரிக்கப் படைகளின் தலைமைத் தளபதி பெர்சிங், போர் நடந்த சில நாட்களிலேயே அவ்விருவரின் வீரத்தைப் பாராட்டி விடுத்த அறிக்கை, தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின் கண்டெடுக்கப்பட்டது. 1996ல் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம்; 2002ல் அடுத்த உயர்பதக்கம்; காலவரம்பைத் தளர்த்தி நாடாளுமன்றம் வழிவிட்டபின், 2015 ஜூன் 2ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒபாமா கையால் நாட்டின் மிக உயர்ந்த மெடல் ஆஃப் ஹானர். போர் நடந்து 97 ஆண்டுகள்!

இது ஒருவருக்கு நேர்ந்த தற்செயல் அன்று. முதல் உலகப் போரில் போரிட்ட கறுப்பினத்தவர் எவருக்கும் அக்காலத்தில் அப்பதக்கம் கிட்டவில்லை. 1918ல் களத்தில் மாண்ட பிரெடி ஸ்டோவர்ஸ் என்பவருக்கான பரிந்துரை, எழுதப்பட்டும் கிடப்பில் கிடந்தது. 1991ல்தான் அவருடைய சகோதரியர் கையில் பதக்கம் சேர்ந்தது.

இன்னும் ஒன்றும் அறிந்தோம். ஜான்சன் அடையாளமற்ற ஏழைக் குழியில் புதைக்கப்பட்டார் என்றே நெடுநாள் நம்பினர். ஏடுகளைப் புரட்டியபோது, ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் உரிய மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டிருப்பது 2002ல் தெரிந்தது. அதேபோல, அவருடைய மகன் என்று தம்மை நம்பிய முதியவர் ஒருவரும் அவர் குடும்பத்தாரும் பல்லாண்டுகள் இப்பதக்கத்துக்காகப் போராடினர். பதக்கம் வழங்கப்படும் வேளையில் படைத்துறை ஆராய்ந்து, இரத்த உறவு இல்லை என்றது. கசப்பான முடிவுதான்; ஆயினும் உண்மையை மறைப்பதற்கில்லை. அதனால் அவர்கள் உழைப்பு பொய்யாகிவிடுமா? இரத்தம் இல்லாமலே ஒருவனுடைய நீதிக்காக உழைத்தார்கள் என்றால், அவர்கள் பெருமை கூடுகிறதே தவிரக் குறையவில்லை! பதக்கத்தை அவர் பிரிவின் மரபில் வந்த நியூயார்க் தேசியக் காவற்படை சார்பில் ஒரு சார்ஜண்ட் மேஜர் பெற்றுக்கொண்டார்.

2023ல் லூசியானாவிலுள்ள போர்ட் போல்க் படைத்தளத்துக்கு ஜான்சன் பெயர் இடப்பட்டது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதியொருவரின் பெயர் அகற்றப்பட்டது. 2025ல் மீண்டும் போல்க் என்ற பெயரே வந்தது. இது வேறொரு போல்க் என்றனர். வாயிற் பலகையை மாற்ற ஓர் ஆணை போதும். களத்துச் சுவடும் எழுதிவைத்த அறிக்கையும் அப்படி மாறுவன அல்ல.

தோழர்களே! ஒதுக்கப்பட்டவரின் வீரத்தை உரத்துப் பாடினால் மட்டும் போதாது. ஏட்டைத் தேடுங்கள், எண்ணைச் சரிபாருங்கள், நமக்கு உவப்பில்லாத முடிவு வந்தாலும் ஒப்புக்கொள்ளுங்கள். சான்று இல்லை என்று எவரேனும் கையை விரித்தால், எந்த அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள்!