வாதமும் நீதியும்

கட்டுரை வகைகளுள் மாணாக்கர் மிகுதியும் அஞ்சுவது வாதக் கட்டுரையே எனலாம். வருணனைக் கட்டுரைக்குக் கண்ட காட்சி துணை நிற்கும். தன்கதைக்குக் கற்பனை கைகொடுக்கும். கடிதத்திற்கு அமைப்புமுறை வழிகாட்டும். வாதக் கட்டுரைக்கோ எழுதுவோரின் அறிவும் நேர்மையும் அன்றி வேறு துணை இல்லை. முன்னுரையில் ஒரு நிலைப்பாடு, இடையில் நான்கு கருத்துகள், முடிவுரையில் மீண்டும் அதே நிலைப்பாடு என்னும் வாய்பாட்டை மனனம் செய்தால் போதும் என்று மாணவர் பலர் கருதுகின்றனர். ஆசிரியர் சிலரும் அவ்வாறே கற்பிக்கின்றனர். அவ்வாய்பாடு தேர்வில் சில புள்ளிகளைப் பெற்றுத் தரலாம். சிந்திக்கக் கற்றுத் தராது.

வாதக் கட்டுரை எவ்வாறு செம்மையுறுகிறது என்பதை அறிய, முடிந்த கட்டுரையைப் படிப்பதைவிட அது திருத்தப்பட்ட படிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்பதே பயன் தரும். பேராக் மாநிலத்துச் சிறுநகர் ஒன்றில், ஆறாம் படிவ மாணவி ஒருத்தி மூன்று முறை எழுதிய கட்டுரை அதற்குத் தக்க சான்றாகும்.

தலைப்பைத் தாமே தெரிவு செய்யுமாறு தமிழாசிரியர் வகுப்பினரைப் பணித்திருந்தார். பெரும்பாலோர் கைப்பேசியின் நன்மை தீமைகளையும் சுற்றுச்சூழல் தூய்மையையும் எடுத்துக்கொண்டனர். இம்மாணவி எடுத்துக்கொண்டதோ, திருநங்கையர், தன்பாலீர்ப்பாளர் முதலியோரையும் உள்ளடக்கிய கல்வி பள்ளிகளுக்குத் தேவை என்னும் பொருள்.

ஆசிரியர் தயங்கினார். தயக்கத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மலேசியத் தண்டனைச் சட்டம் தன்பாலினத்தாரிடையிலான உடலுறவை இன்றும் குற்றமென்றே கொள்கிறது. சமயத் தலைவர்களுள் பலர் இதற்கு உடன்படார். பெற்றோர் எவரேனும் வினா எழுப்பினால் விடை கூறும் பொறுப்பும் ஆசிரியரையே சாரும். வேறு தலைப்பை எடுத்துக்கொள்ளலாமே என்று அவர் மெல்லக் கேட்டார். மாணவி சற்று நேரம் பேசாதிருந்து பின்னர்க் கூறினாள்: "ஐயா, இதைப்பற்றி எழுதக் கூடாது என்றால் எழுதவில்லை. ஆனால், வகுப்பறையில் இதை வைத்துப் பேசும் பேச்சுகளை மட்டும் எல்லாரும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்?"

அவ்வினாவுக்குப் பின்னர் ஆசிரியர் தடை கூறவில்லை. "எழுது அம்மா. ஆனால், உன் கருத்தை ஏற்காத ஒருவர் உன் எதிரே அமர்ந்து படிக்கிறார் என்று எண்ணிக்கொண்டு எழுது" என்று மட்டும் கூறினார்.

முதற்படி வந்தது. அதில் ஆர்வம் இருந்தது, தெளிவு இல்லை. 'உள்ளடக்கிய கல்வி' என்னும் தொடர் ஒன்பது இடங்களில் வந்திருந்தது. ஓரிடத்திலேனும் அதன் பொருள் கூறப்படவில்லை. ஆசிரியர் ஒரு தாளில் மூன்று கட்டங்களை வரைந்தார். கேலிக்கும் அடிக்கும் ஆளாகும் பிள்ளையைக் காப்பது ஒன்று. இத்தகைய மனிதர்கள் உலகில் வாழ்கின்றனர் என்னும் உண்மையைப் பாடங்களில் மறைக்காதிருப்பது மற்றொன்று. உடலுறவு பற்றிய கல்வி பிறிதொன்று. "இம்மூன்றில் நீ கேட்பது எது?" என்று வினவினார். மாணவி முதலிரு கட்டங்களைச் சுட்டினாள். அவளுடைய கட்டுரையைப் படிப்போரோ மூன்றாவதையே அவள் கேட்பதாக எண்ணிச் சினங்கொள்வர். சொல்லின் பொருளை வரையறுக்காமல் வாதத்தைத் தொடங்குவது, எல்லைக்கல் நடாமல் நிலத்துக்கு வழக்காடுவதை ஒக்கும்.

அடுத்தது சொல்லாட்சி. இம்மக்களுக்குப் பரிந்து எழுதப்பட்ட கட்டுரையிலேயே 'அலி' என்னும் சொல் மூன்று முறை வந்திருந்தது. அகராதியில் உள்ள சொல்தானே என்பது மாணவியின் விளக்கம். அகராதியில் இருப்பது மட்டும் ஒரு சொல்லுக்குத் தகுதியாகாது. அது யாருடைய வாயிலிருந்து யாரை நோக்கி வீசப்பட்டு வந்தது என்பதையும் பார்த்தல் வேண்டும். தமிழின் தொன்மையான இலக்கணமாகிய தொல்காப்பியம், ஆண்மை திரிந்து பெண்மையை உணர்த்தி நிற்பாரைக் குறிக்கும் பெயர்களைப் பற்றிப் பேசுகிறது. அவற்றுக்கெனத் தனியான ஈறு இல்லை. அவை உயர்திணை ஈறுகளையே கொண்டு முடியும் என்று சொல்லதிகாரத்துக் கிளவியாக்கம் விதிக்கிறது. உடலையும் இயல்பையும் பற்றி அக்காலத்தார் என்ன கருதினர் என்பது ஒரு புறமிருக்க, இலக்கணம் அவர்களை உயர்திணையில் வைத்தது. பிற்காலத்து வசைச்சொற்களோ அவர்களை மனிதரினும் கீழாக வைத்தன. 'திருநங்கை', 'திருநம்பி', 'தன்பாலீர்ப்பாளர்', 'ஊடுபாலினர்' முதலிய சொற்கள் அண்மைக் காலத்தில் வழக்குக்கு வந்துள்ளன. தமிழ்நாட்டு அரசு 2022 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இத்தகைய சொற்களின் பட்டியலொன்றை அரசிதழில் வெளியிட்டது. 'அலி' என்னும் சொல்லை அடித்துவிட்டு எழுதச் சொல்வது வெறும் நாகரிகத்திற்காக அன்று. கட்டுரை யாருக்காகப் பேசுகிறதோ அவரையே அது புண்படுத்தலாகாது என்பதற்காக.

மூன்றாவது குறை, சான்றுகள் பற்றியது. 'உலக நாடுகள் அனைத்தும் இதனை ஏற்றுவிட்டன' என்று மாணவி எழுதியிருந்தாள். அஃது உண்மையன்று என்பதை அவள் வாழும் நாடே காட்டும். 'இங்கிலாந்து 1988 ஆம் ஆண்டிலேயே தடையை நீக்கிவிட்டது' என்பது மற்றொரு வாக்கியம். ஆசிரியர் அதன் ஓரத்தில் வினாக்குறி ஒன்றை இட்டு, நூலகத்திற்கு அனுப்பினார். உண்மை நேர்மாறாக இருந்தது. 1988 இல்தான் பிரிட்டனில் தடை பிறந்தது. அவ்வாண்டின் உள்ளாட்சிச் சட்டம், 28 ஆம் பிரிவின் வாயிலாக, உள்ளாட்சி மன்றங்கள் தன்பாலீர்ப்பைப் பரப்பலாகாது என்றும், தம் பொறுப்பிலுள்ள பள்ளிகளில் அதனை ஏற்கத்தக்க குடும்ப உறவாகக் கற்பிப்பதை ஊக்குவிக்கலாகாது என்றும் விதித்தது. ஸ்காட்லாந்தில் 2000 ஆம் ஆண்டிலும், இங்கிலாந்திலும் வேல்சிலும் 2003 ஆம் ஆண்டிலும் அது நீக்கப்பட்டது.

பிழையைத் திருத்தப் போன மாணவிக்கு அங்கே தன் வாதத்தின் முதுகெலும்பு கிடைத்தது. அப்பிரிவின்கீழ் ஆசிரியர் எவரும் தண்டனை பெறவில்லை. எனினும், 'பரப்புதல்' என்பதன் பொருள் தெளிவாக இல்லாமையால் ஆசிரியர் பலர் வாய் திறக்கவே அஞ்சினர். கேலிக்குள்ளான மாணவன் வந்து முறையிட்டாலும், ஆறுதல் கூறுவது சட்டத்துக்கு மாறாகிவிடுமோ என்று ஒதுங்கினர். சட்டம் அடிக்கவில்லை, அச்சம் அடித்தது. ஆசிரியரின் மௌனமும் ஒரு பாடமாகவே மாணவரைச் சென்றடைகிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

சிங்கப்பூரைப் பற்றியும் அவள் ஒருபாதியையே எழுதியிருந்தாள். 2022 நவம்பர் 29 ஆம் நாள் சிங்கப்பூர் நாடாளுமன்றம் 377ஏ சட்டப் பிரிவை நீக்க ஒப்புதல் அளித்தது. அதே நாளில், திருமணத்தின் இப்போதைய வரையறைக்குக் காப்பளிக்கும் அரசமைப்புத் திருத்தத்தையும் நிறைவேற்றியது. தனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது பொய்யாகாது எனினும், மெய்யும் ஆகாது. மறுபாதியை அறிந்த ஒருவர் படிக்கும்போது கட்டுரை முழுவதும் நம்பிக்கை இழந்துவிடும்.

எனினும், முதற்படியின் பெருங்குறை இவற்றுள் எதுவும் அன்று. எதிர்வாதத்துக்கு மாணவி ஒதுக்கியிருந்தது இரண்டே வரிகள். 'சில பெற்றோர் இன்னும் கற்காலத்தில் வாழ்கின்றனர். அவர்களின் அறியாமையைப் பொருட்படுத்தத் தேவையில்லை.' ஆசிரியர் அவ்வரிகளை அடிக்கவில்லை. "உன் அப்பாவிடம் இதைக் கேட்டாயா?" என்று மட்டும் வினவினார். "ஐயோ, அப்பாவிடமா?" என்றாள் மாணவி. "அப்படியானால் நீ மறுப்பது யாருடைய கருத்தை? நீயாகவே நிறுத்திவைத்த ஒரு பொம்மையைத்தானே அம்மா நீ வீழ்த்தியிருக்கிறாய்?"

அவள் வீட்டிற்குச் சென்று தந்தையிடம் கேட்டாள். லாரி ஓட்டி மூன்று பிள்ளைகளைப் படிக்கவைக்கும் மனிதர் அவர். முதலில் சினந்தார், பின்னர் நிதானமாகவே பேசினார். யாரையும் அடிக்கவோ இழிவுபடுத்தவோ கூடாது என்பதில் அவருக்கு மாறுபாடு இல்லை. ஆனால், தம் பிள்ளைக்கு எந்த வயதில் எதைச் சொல்வது என்பதைத் தம்மைக் கேளாமல் வேறொருவர் முடிவு செய்வதைத் தம்மால் ஏற்க இயலாது என்றார். "பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்பதை எங்களுக்கும் சொல்லிவிட்டுச் சொல்லித் தரட்டும். படிக்காதவன் என்பதற்காக என்னை ஒதுக்கி வைக்க வேண்டாம், அம்மா" என்பது அவர் சொன்ன கடைசி வார்த்தை. அறியாமை என்று இரண்டு வரிகளில் தள்ளிய கருத்துக்குள் இத்தனை மான உணர்வும் பொறுப்பும் இருந்ததை மாணவி எதிர்பார்க்கவில்லை.

அவர் கவலை அவர் ஒருவருக்கே உரியதன்று. இங்கிலாந்தில் உறவுகள் பற்றிய கல்வி 2020 செப்டம்பரில் தொடக்கப்பள்ளிகள் அனைத்திலும் கட்டாயமாவதற்கு முன்னர், 2019 இல் பர்மிங்காம் நகரத்துப் பெற்றோர் பலர் பள்ளி வாயில்களில் திரண்டு எதிர்ப்புக் காட்டினர். தம்மைக் கலந்துகொள்ளவில்லை என்பதும், பிள்ளைகளின் வயதுக்கு அது பொருந்தாது என்பதும் அவர்கள் முறையீடுகளுள் அடங்கும். அந்நாட்டு விதிகள், உறவுக் கல்விக் கொள்கையை வகுக்கையில் பள்ளிகள் பெற்றோரைக் கலந்துகொள்ள வேண்டும் என்கின்றன. பாலியல் கல்வியிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோர் கோரலாம். உறவுக் கல்வியிலிருந்து விலக்க இயலாது. ஆசிரியர் தாளில் வரைந்த கட்டங்களை அந்நாட்டுச் சட்டமும் ஒருவகையில் வரைந்திருந்தது.

தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு சான்று கிடைத்தது. 2021 இல், தம் குடும்பத்தாரின் எதிர்ப்புக்கு அஞ்சிக் காவல் வேண்டி வந்த இரு பெண்களின் வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்தார். இப்பொருளைத் தாம் முழுதும் அறியாதவர் என்பதை வெளிப்படையாகக் கூறி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்த பின்னரே அவர் ஆணை பிறப்பித்தார். அவ்வாண்டு ஜூன் 7 ஆம் நாள் வழங்கிய ஆணையில் பள்ளிகளுக்குரிய பரிந்துரைகளும் இருந்தன. அவற்றுள் ஒன்று, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களின் வழியாகப் பெற்றோருக்கு இதுபற்றிய புரிதலை உண்டாக்குக என்பது. பெற்றோரை ஒதுக்கிவிட்டு அன்று, அவர்களையும் அழைத்து அமர்த்திக்கொண்டே இக்கல்வி நடைபெற வேண்டும் என்று மாணவி தன் இரண்டாம் படியில் எழுதுவதற்கு அப்பரிந்துரை வழிவகுத்தது. தந்தையின் சொல்லுக்கு அவள் கண்ட விடை அதுவே.

இரண்டாம் படியின் நான்காம் பத்தியில் ஒரு வரி எழுதப்பட்டு, பின்னர் அழுத்தமாக அடிக்கப்பட்டிருந்தது. ஆசிரியர் அதனைச் சுட்டிக் கேட்டார். மாணவி நெடுநேரம் விடை கூறவில்லை. பின்னர்க் கூறினாள். மூன்றாம் படிவத்தில் அவளுடன் படித்த மாணவன் ஒருவன், நடையும் குரலும் மென்மையானவன், பள்ளிக் கழிவறைக்குச் செல்லவே மாட்டான். அங்கே அவனுக்கு என்ன நேரும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் காலை முதல் பள்ளி விடும் வரை தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். 'அலி' என்றும் 'பொண்டான்' என்றும் கூவுவோர் கூவினர், மற்றவர் சிரித்தனர். ஓராண்டுக்குப் பின் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். "சிரித்தவர்களுள் நானும் ஒருத்தி, ஐயா. சொந்தக் கதையை வாதத்தில் எழுதக் கூடாது என்று அடித்துவிட்டேன்."

ஒரு நிகழ்ச்சி எல்லாவற்றையும் நிறுவிவிடாது என்பது உண்மை. ஆயினும், இங்கே கேட்கப்படுவது என்ன என்பதை அது காட்டிவிடுகிறது. மாணவி கேட்பது சட்டத்தை மாற்றுவதை அன்று. அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள். பள்ளியில் ஒரு பிள்ளை அச்சமின்றித் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதே அவள் கோரிக்கை. அதனைத் தடுக்கும் சட்டமோ சமயமோ எங்கும் இல்லை. அவ்வரியை மீண்டும் எழுதுமாறு ஆசிரியர் கூறினார். ஒரு நிபந்தனையும் விதித்தார். "அது உன் கதை அன்று, அம்மா, அவன் கதை. பெயரும் ஊரும் ஆண்டும் தெரியாதபடி எழுது. படிப்போர் அவனைத் தேடிப் போகலாகாது."

மூன்றாம் படி முதற்படியைவிட அளவில் சிறியது. அதன் கோரிக்கைகள் நான்கே. எப்பிள்ளையும் தன் இயல்பின் பொருட்டுக் கேலிக்கோ தாக்குதலுக்கோ ஆளாகலாகாது. அதனைத் தடுக்க ஆசிரியர்க்குப் பயிற்சி வேண்டும். மாணவர் வினவும்போது வயதுக்கேற்ற உண்மையான விடை கிடைக்க வேண்டும். கற்பிப்பது இன்னதென்று பெற்றோர்க்கு முன்னரே தெரிவிக்க வேண்டும். எதிர்வாதம் இரண்டு வரிகளிலிருந்து ஒரு முழுப் பத்தியாக வளர்ந்திருந்தது. 'கற்காலம்' என்னும் சொல்லும் 'அலி' என்னும் சொல்லும் அதில் இல்லை. அச்சொற்கள் இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்பதை மாணவி தானாகவே கண்டுகொண்டாள்.

கட்டுரையைத் தந்தையும் வாங்கிப் படித்தார். எல்லாவற்றுக்கும் அவர் உடன்படவில்லை. மூன்றாவது கோரிக்கையில் அவருக்கு இன்னும் ஐயம் உண்டு. ஆயினும், "நான் சொன்னதை நான் சொன்னபடியே எழுதியிருக்கிறாய்" என்று கூறித் தாளைத் திருப்பித் தந்தார்.

வாதக் கட்டுரை கற்பிக்கும் ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே. ஒற்றுப்பிழையும் எழுத்துப்பிழையும் சிவப்பு மைக்கு உடனே தென்படுகின்றன. பொருள் வரையறுக்காத சொல், பாதி சொன்ன செய்தி, எதிராளியைச் சிறுமைப்படுத்தும் வரி ஆகியவை எளிதில் தென்படுவதில்லை. ஆனால், அவையே கட்டுரையின் நீதிப் பிழைகள். மாறுபட்ட கருத்துடையவர் தம் கருத்தைக் கட்டுரையில் கண்டு 'ஆம், நான் கூறுவது இதுதான்' என்று ஒப்புமாறு எழுதிய பின்னரே, அதனை மறுக்கும் உரிமை எழுதுவோர்க்கு வருகிறது. அவ்வாறு எழுதப் பழகிய மாணவர், வகுப்பறையில் ஒருவனைப் பார்த்து மற்றவர் சிரிக்கும்போது தாமும் உடன் சிரிப்பதற்கு முன் ஒரு கணமேனும் எண்ணிப் பார்ப்பர். அந்த ஒரு கணத்திற்காகவே ஒரு கட்டுரையை மூன்று முறை திருத்தலாம்.