லிங்கன் நகரத்துக் கொங்கிறீற்று வெளியிலே

ஐக்கிய அமெரிக்காவின் நடுப்பாகத்திலே நெப்ராஸ்கா என்றொரு மாநிலம் உண்டு. தட்டையான நீர் என்பது அப்பெயரின் பொருள். அங்கு வாழ்ந்த ஆதிக்குடிகளுள் ஒருவரான ஓட்டோ இனத்தார் பிளாற் நதியை அவ்வாறு அழைத்தனர். நீர் மட்டுமா தட்டை? நிலமும் அப்படியே. சோளமும் சோயா அவரையும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைக் கம்பளம் விரித்தாற்போற் கிடக்கின்றன. அப்பரந்த வெளியிலே முதலிற் கண்ணிற் படுவது, தலைநகராகிய லிங்கனின் சட்டமன்றக் கோபுரம். 1932ஆம் ஆண்டில் பூர்த்தியான அக்கோபுரம் 400 அடி உயரமானது. அதன் உச்சியில் நிற்பது அரசனுமல்லன், படைத்தலைவனுமல்லன். விதை தூவும் ஓர் உழவன்! லங்காஸ்ரர் என்ற பெயருடன் விளங்கிய சிற்றூர், 1867இல் தலைநகராகி ஆபிரகாம் லிங்கனின் பெயரைப் பெற்றது.

எனினும், நான் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புவது கோபுரத்தைப் பற்றியன்று. நகரின் வடமேற்கிலே கிடக்கும் ஒரு பழைய கொங்கிறீற்று வெளியைப் பற்றியே.

விமானம் போய்க் கார் வந்தது

இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது, 1942இல், அவ்விடத்தில் இராணுவ விமானத்தளம் ஒன்று அமைந்தது. பின்னர் பெருங் குண்டுவீச்சு விமானங்கள் அங்கே தங்கின. 1966இல் விமானப்படை தளத்தை மூடிவிட்டுச் சென்றது. விமானங்கள் நின்ற கொங்கிறீற்றுத் தரை மாத்திரம் எஞ்சியது. இன்று அவ்வெளியிலே மோட்டார்க் கார்கள் ஓடுகின்றன. அமெரிக்க விளையாட்டுக் கார்க் கழகத்தின் 'சோலோ' தேசியப் பந்தயம், தொற்றுநோய் பரவிய 2020ஆம் ஆண்டு நீங்கலாக, 2009 முதல் செப்டெம்பர் மாதந்தோறும் இங்கேதான் நடந்து வருகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சாரதிகள் அதற்கு வருகிறார்கள். அதற்குப் புறம்பாக, அவ்வட்டாரத்தார் வார இறுதிகளில் நடத்தும் சிறு பந்தயங்களும் உண்டு. கோடையில் நான் கண்டது அத்தகைய சிறு பந்தயம் ஒன்றையே.

நுவரெலியாவிலே மகாகஸ்தொட்டை மலையேற்றப் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் முறை எளிதில் விளங்கும். கார்கள் ஒன்றையொன்று துரத்துவதில்லை. ஒவ்வொன்றாகக் கடிகாரத்துடன் போட்டியிடுகின்றன. ஆயின் இங்கே மலையுமில்லை, தெருவுமில்லை. செம்மஞ்சள் நிறக் கூம்புகளை வரிசையாக வைத்து வளைவும் நெளிவுமாக ஒரு பாதையை அமைத்து விடுகிறார்கள். ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடந்தான். வேகமும் நெடுஞ்சாலை வேகத்தைப் பெரிதும் மிஞ்சுவதில்லை. ஒவ்வொரு கூம்பைச் சுற்றியும் தரையிலே கோடு கீறியிருக்கும். கூம்பு சாய்ந்தாலோ, கோட்டுக்கு வெளியே முற்றாக நகர்ந்தாலோ 2 விநாடி அபராதம். பாதை தவறினால் அந்த ஓட்டமே செல்லாது. ஒட்டோகுறொஸ் என்று இதனை அழைக்கிறார்கள்.

கூலிக்கு ஆள் வைப்பதில்லை என்பது இதில் என்னைக் கவர்ந்த அம்சம். ஒரு குழுவினர் ஓட, மற்றொரு குழுவினர் வெயிலிலே நின்று சாய்ந்த கூம்புகளை நிமிர்த்துகிறார்கள். வைத்தியரும் மெக்கானிக்கும் பக்கம்பக்கமாக நின்று கூம்பு தூக்கும் காட்சியை அங்கே காணலாம்.

திங்கட்கிழமைக் கார்

என் தமக்கையின் மகன், லிங்கனுக்கு 50 மைல் அப்பாலுள்ள ஒமாகா நகரில் உத்தியோகம் பார்க்கிறான். மனைவி, ஒரு கைக்குழந்தை, ஒரேயொரு கார் – இதுவே அவன் குடும்பம். திங்கள் முதல் வெள்ளி வரை அக்கார் வேலைக்குப் போகிறது. மாலையிலே கடைக்குப் போகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வைத்தியரிடமும் போகிறது. ஞாயிற்றுக்கிழமையில் அதே கார் பந்தயத்துக்கும் போக வேண்டும் என்பது அவன் ஆசை.

இவனைப் போன்றோருக்காகவே தெருக்கார் வகுப்பு என ஒரு வகுப்பு வைத்திருக்கிறார்கள். பணத்தைக் கொட்டிக் காரை உருமாற்றுவோர் இதில் நுழைய முடியாது. சில்லின் அகலம் தொழிற்சாலை கொடுத்த அகலமாகவே இருத்தல் வேண்டும். விட்டம் ஓர் அங்குலம் கூடலாம் அல்லது குறையலாம். சில்லு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்பதற்கு ஏறத்தாழக் கால் அங்குலமே சலுகை. ரயரிலே பொறிக்கப்பட்ட தேய்மான இலக்கம் 200க்குக் குறையலாகாது.

அந்த இலக்கத்தைச் சற்று விளக்க வேண்டும். 100 எனக் கொள்ளப்பட்ட ஒப்பீட்டு ரயரிலும் இரு மடங்கு உழைக்கும் என்பதே 200 என்பதன் கருத்து. இலக்கம் குறையக் குறைய இறப்பர் மென்மையாகித் தரையைக் கவ்வும் எனப் பொதுவாகச் சொல்லலாம். ஆனால் இலக்கத்தை இடுபவர் ரயரைச் செய்தவரே. ஆதலால் ஒரு கம்பனியின் 200ஐ மற்றொரு கம்பனியின் 200க்குச் சமமென எண்ணிவிடலாகாது.

மருமகனின் காரிலே ஆதியில் இருந்தவை 205/55 ஆர் 16 அளவுள்ள ரயர்கள். 205 என்பது மிலிமீற்றரில் அகலம்; 55 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது; 16 என்பது அங்குலத்தில் சில்லின் விட்டம். அவன் தேர்ந்துகொண்டது 225/50 ஆர் 16. கணக்குப் பார்த்தால் இரண்டின் மொத்த உயரமும் ஏறக்குறைய ஒன்றே. அகலம் கூடியும், வேகமானி பொய் சொல்லாது! அதே அகலமுள்ள, ஆனால் பாரம் குறைந்த சில்லுகளையும் வாங்கினான். பாரமான சில்லைச் சுழற்றவும் நிறுத்தவும் சக்தி வீணாகும். மேடுபள்ளத்திலும் அது தரையைவிட்டு எளிதில் துள்ளும்.

சிக்கல் எழுந்தது ரயரின் தேர்விலே. வெற்றி பெறுவோர் பலரும் போடும் ரயர் ஒன்று. காய்ந்த தரையிலே அதற்கு இணையில்லை. ஆனால் அதன் தவாளிப்புகள் ஆழமற்றவை. நீர் தேங்கிய நெடுஞ்சாலையிலே, வெளியேற வழியற்ற நீர் ரயருக்கும் தரைக்கும் இடையே புகுந்து காரைத் தூக்கிவிடும். மற்றொரு ரயர் காய்ந்த தரையில் அதற்குச் சற்றுப் பின்தங்கியதெனினும், நீரை ஒதுக்கும் தவாளிப்புகள் நன்கு அமைந்தது. பந்தயத் திடலிலே வைத்து மாற்றினால் என்ன என்று கேட்பீர்கள். பின் ஆசனத்தில் குழந்தையும் அதன் பொருள்களும் இருக்க, நான்கு சில்லுகளை எங்கே ஏற்றுவது? அவன் இரண்டாவது ரயரையே வாங்கினான். குளிர்காலத்துக்கு அதுவும் உதவாது. வெப்பம் 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் அவ்விறப்பர் இறுகிவிடும். அதனால் பழைய சில்லுகளும் ரயர்களும் பனிக்காலத்தை எதிர்பார்த்துக் கராச்சிலே அடுக்கப்பட்டுள்ளன.

கம்பரும் கால்விரலும்

அடுத்தது சில்லுச் சீரமைப்பு. எலைன்மென்ற் என்று நம் மெக்கானிக்குகள் சொல்வது இதுவே. "மாமா, கம்பரைக் கொஞ்சம் கூட்டவேண்டும்" என்று மருமகன் சொன்னபோது எனக்கு இராமாயணந்தான் ஞாபகத்துக்கு வந்தது. அவன் சொன்ன கம்பர், சில்லின் சாய்வு. கார் வளைவிலே திரும்பும்போது உடல் வெளிப்பக்கம் சரிகிறது. அதனோடு சில்லும் வெளியே சாய்ந்து, ரயரின் வெளியோரத்திலேயே பாரம் முழுவதும் விழுகிறது. நிற்கும்போதே சில்லின் மேற்பகுதியைச் சற்று உட்புறம் சாய்த்து வைத்தால், வளைவிலே அது நிமிர்ந்து, அகலம் முழுவதும் தரையைத் தொடும். தொழிற்சாலை வகுத்த எல்லைக்குள் முன்சில்லுகளை ஒன்றரைப் பாகை சாய்க்க முடிந்தது.

ரோ எனப்படுவது வேறு. மேலிருந்து பார்க்கையில் சில்லுகள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே திரும்பியிருக்கின்றனவா, வெளியே விரிந்திருக்கின்றனவா என்பதே அது. நாம் கால்விரல்களை உள்ளே திருப்பி அல்லது வெளியே விரித்து நிற்பது போல எனக் கொள்ளலாம். சாய்வு ரயரைத் தின்னும் என்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் அளவான சாய்வைவிட ரயரை விரைந்து தின்பது பிழையான ரோவே. ஒவ்வொரு மைலிலும் ரயரை அது தரையிலே பக்கவாட்டில் இழுத்துத் தேய்க்கிறது. ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும். ஆகவே கம்பரைத் திருத்திய பின் ரோவை மீண்டும் அளக்காமல் காரை வெளியே எடுக்கலாகாது.

முன்சில்லுகளை நேராக வைப்பதில் ஒருவருக்கும் மறுப்பில்லை. பின்சில்லுகளைப் பற்றித்தான் வாதம். அவற்றை வெளியே விரித்தால் காரின் வால் இலகுவாகச் சுழலும். கூம்புகளிடையே நெளிந்து செல்ல அது பேருதவி. சிநேகிதர்கள் யாவரும் அதையே சொன்னார்கள். சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மருமகள், "வால் சுழலும்போது பின் ஆசனத்தில் யார் இருப்பார்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வாதம் அத்துடன் முடிந்தது. பின்சில்லுகள் இம்மியளவு உள்நோக்கியே வைக்கப்பட்டன.

பந்தயமும் மழையும்

ஞாயிறு காலை பரிசோதகர்கள் சில்லுச் சுரைகளையும் பற்றரியையும் தலைக்கவசத்தையும் பார்த்தனர். காரிலிருந்த தளர்ந்த பொருள்கள் யாவும் இறக்கப்பட்டன. குழந்தையின் கிலுகிலுப்பை என் மடிக்கு வந்தது. மருமகன் ரயர்களின் தோள்களிலே சோக்குக் கட்டியாற் கோடிட்டான். ஓடிவந்த பின் கோடு எவ்வளவு தூரம் அழிந்திருக்கிறதென்று பார்த்தால், ரயர் எவ்வளவு மடிந்தது என்பது தெரியும். பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்றுப் போதாது. தோளைத் தொடாமலே இருந்தால் காற்று அதிகம். சதுர அங்குலத்துக்கு இரண்டு இறாத்தலாகக் கூட்டியும் குறைத்தும் அவன் அளவைக் கண்டுகொண்டான். சூடேறினால் அமுக்கமும் ஏறும். ஆதலால் ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் அளக்க வேண்டியிருந்தது.

அவன் வகுப்பில் ஓடிய 11 பேரில் அவனுக்கு 7ஆம் இடம். பந்தயம் முடிந்ததும் விளையாட்டாக ஓட இடங்கொடுத்தார்கள். அதே வகைக் காரைப் பின்சில்லு விரித்து வைத்திருந்த சிநேகிதர் ஒருவர், தம் காரை ஓட்டிப் பார்க்கும்படி சாவியை நீட்டினார். முதல் ஓட்டத்திலேயே தன் நேரத்தைவிட 0.6 விநாடி முந்தினான் மருமகன்! அந்த 0.6 விநாடி அவனை 4ஆம் இடத்துக்கு உயர்த்தியிருக்கும். மாலையானதும் அச்சிநேகிதர் தம் காரை இழுவண்டியில் ஏற்றி, மற்றொரு வாகனத்திலே கட்டிக்கொண்டு புறப்பட்டார். நாங்கள் ஐவரல்ல, நால்வர். எங்களுக்கு இருந்ததோ ஒரே கார்.

ஒமாகா செல்லும் 80ஆம் இலக்க நெடுஞ்சாலையிலே பாதி வழியில் வானம் கறுத்தது. அத்தட்டை நிலத்திலே புயல் வருவதைத் தூரத்திலிருந்தே காணலாம்; ஆனால் ஒதுங்க இடமில்லை. மழை கொட்டியது. சாலையிலே நீர் பாளம் பாளமாக நின்றது. பலர் வண்டிகளை ஓரமாக நிறுத்தினர். மருமகன் வேகத்தை 40 மைலுக்குக் குறைத்து, இரு கைகளாலும் ஸ்ரியரிங் வளையத்தைப் பற்றியிருந்தான். ஒருமுறை ஆழமான நீரில் இறங்கியபோது கார் மெல்ல அதிர்ந்தது. ஆனாற் கோடு விலகவில்லை. குழந்தை விழிக்கவுமில்லை.

மழை விட்ட பின்பு, "அந்த 0.6 விநாடி மனத்தை உறுத்துகிறதா, தம்பி?" என்று கேட்டேன்.

"உறுத்துகிறதுதான், மாமா. வேறொரு கார் வாங்கும் காலத்திலே பார்த்துக்கொள்ளலாம்" என்றான்.

1876இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த இறப்பர் கன்றுகள் நம் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடையில் ஊன்றப்பட்டன. அம்மரத்தின் பால் இன்றும் உலகத்து ரயர்களிலே கலந்திருக்கிறது. ஒவ்வொரு ரயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. பந்தயத்துக்குப் போகாத வாசகர்களும், அடுத்த முறை மலைநாட்டுக்குப் பிள்ளைகளுடன் புறப்படுமுன், அந்த நான்கு உள்ளங்கைகளையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வது நன்று. உள்ளோரம் தேய்ந்திருந்தால் சில்லைச் சீரமைக்க வேண்டும். தவாளிப்பு அழிந்திருந்தால் ரயரை மாற்றவேண்டும்.