மணி எப்போது ஒலிக்க வேண்டும்?

புகையிரதப் பாதையோரத்து வீடொன்றிலே நாம் ஓரிரவு தங்க நேர்ந்தது. நள்ளிரவில் சுவர்கள் அதிர வண்டி சென்றது. அவ்வீட்டுத் தாய் அசையவுமில்லை. சற்றுப் பொறுத்துத் தொட்டிலிற் குழந்தை மெல்லச் சிணுங்கிற்று. உடனே எழுந்து விட்டாள். எதற்கு விழிப்பது, எதற்கு உறங்குவது என்பதைத் தாயுள்ளம் பிறர் கற்பியாமலே அறிந்திருக்கிறது. அந்த அறிவை ஓர் இயந்திரத்துக்கு ஊட்டப் புகுந்து நாம் தவறிய கதையையே இங்கு கூற விழைகின்றோம்.

1990களின் பிற்பகுதியில், சிறு நகரொன்றின் தொலைபேசி நிலையத்திலே இலக்கமுறைக் கருவிகளைப் பராமரிக்கும் பணி எமக்கு வாய்த்தது. அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் 1938ஆம் ஆண்டிற் காப்புரிமை கோரிய முறையே அக்கருவிகளுக்கு அடிப்படை. பேசுவோரின் குரல் செக்கனுக்கு 8,000 முறை அளக்கப்படும். ஒவ்வோர் அளவும் ஒன்று, சுழியம் என்னும் எட்டு இலக்கங்களாக மாறும். இவ்வாறு 30 பேரின் உரையாடல்கள் ஒரே இணைப்பிற் செல்லும். ஒழுங்குக் குறிகளையும் சேர்த்தால் செக்கனுக்கு 20 இலட்சத்து 48 ஆயிரம் இலக்கங்கள்!

இவற்றுட் சில வழியிற் பிழைபடுவதுண்டு. பத்து இலட்சத்துக்கு ஒன்று பிழைத்தால், முழு இணைப்பிலும் செக்கனுக்கு இரண்டு பிழைகள். பேசுவோர் ஒருவரின் பங்குக்குப் பதினாறு செக்கனுக்கு ஒன்று. செவி அதனை உணராது. ஆயிரத்துக்கு ஒன்று பிழைத்தாலோ, செக்கனுக்கு இரண்டாயிரத்துக்கு மேல். பேச்சு இரைச்சலாகி விடும். எந்த எல்லையைக் கடந்தால் எச்சரிக்கை மணி ஒலிக்க வேண்டும் என்பதை நாமே கருவியிற் குறித்து வைத்தல் வேண்டும்.

நாம் முதலிற் பத்து இலட்சத்துக்கு ஒன்று என்று குறித்தோம். ஐப்பசி மழை தொடங்கிற்று. மாலைதோறும் மழை பெய்தது. மாலைதோறும் மணியும் அடித்தது. காலையிற் பார்த்தால் யாவும் ஒழுங்காகவே இருக்கும். சலிப்புற்ற நாம் எல்லையை ஆயிரத்துக்கு ஒன்றாக மாற்றினோம். அறை அமைதியாயிற்று.

அங்கிருந்த முதிய தொழினுட்பவியலாளர் எம்மை நோக்கிப் புன்னகைத்தார்.

“தம்பி, மணியை நிறுத்திவிட்டீர், மழையை நிறுத்தினீரோ?”

நாமும் சிரித்தோம். அவர் கூறியது விளங்கவில்லை.

பின்னர் ஒரு சனிக்கிழமை மாலை மணி ஒலித்தது. பத்துச் செக்கன்கள் இடைவிடாது கடும்பிழை நேரின் அவ்விணைப்புப் பயன்படாததெனக் கணக்கிடப்படும்; அவ்வாறே ஆயிற்று. முப்பது வழிகளும் ஒருங்கே அடைபட்டன. வீதிக்கடியிலிருந்த கம்பி மூட்டொன்றில் நீர் புகுந்திருந்தது. இருளிலும் மழையிலும் நிலத்தைத் தோண்டிச் சீர்செய்ய மறுநாள் நண்பகலாயிற்று.

கருவி காற்மணிக்கு ஒருமுறை பதிந்து வைத்த பிழைக் கணக்கை அதன் பின்னரே எடுத்துப் பார்த்தோம். மூன்று கிழமைகளாகப் பிழைகள் படிப்படியாக ஏறியிருந்தன. மூட்டு நாள்தோறும் எம்மிடம் முறையிட்டிருக்கிறது. கேட்கும் வாயிலை நாமே அடைத்திருந்தோம்.

பழுதான இணைப்பை நம்பியிருந்த தொடர்பு நிலையமொன்றுக்குச் சென்றோம். கடைக்காரர் ஒரு மூதாட்டியைப் பற்றிக் கூறினார். கடல் கடந்து வாழும் மகன் சனிக்கிழமைதோறும் குறித்த நேரத்தில் அழைப்பானாம். கடை பூட்டும்வரை அவர் வாங்கிலே அமர்ந்திருந்து, “பிள்ளைக்கு ஏதும் சுகவீனமோ?” என்று கேட்டவாறே மழையில் நடந்து போனாராம். அந்த வினாவுக்கு விடை எமது கையிலேயே இருந்தது.

அதன் பின்னர் இரண்டு எல்லைகளை வகுத்தோம். சிறு பிழைக்கு மணியில்லை. ஒரு விளக்கு மட்டும் எரியும், காலையில் வருபவர் கணக்கைப் படித்துக் குறிப்பேட்டிற் பதிவார். பெரும் பிழைக்கே மணி; அதற்கு எவ்வேளையும் ஒருவர் எழுந்தோடுவார். அடுத்த மழையில் விளக்கு எரிந்தது. பகல் வெளிச்சத்திலே வேறொரு மூட்டைத் திறந்து உலர்த்தினோம். நகரில் எவரும் அதனை அறியவில்லை.

மாணவர்களே, ஓயாது அடிக்கும் மணியை ஒருவரும் செவிமடுப்பதில்லை. அதற்காக அதன் நாவைக் கட்டிவிடுதல் பரிகாரமாகாது. அந்த மூதாட்டி அடுத்த சனிக்கிழமை மகனுடன் பேசினார் என்று கடைக்காரர் சொன்னார். அன்றிரவே நாம் நிம்மதியாக உறங்கினோம்.