61ஆம் இலக்கம்

என் தங்கச்சி அம்மாவுக்குக் கருவாடு கொடுத்து அவவைப் படுக்கையில் விழுத்தினாள் என்று எங்கள் ஊரில் ஒரு கதை இருக்கிறது. அது பொய். அந்தக் கதை பிறந்த இடத்தில் நான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது அங்கேயே செத்திருக்கும். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை ஒன்றும் மறைக்காமல் இங்கே வைக்கிறேன்.

நடந்தது 2022 வைகாசியில். நாங்கள் படுவான்கரை ஆட்கள். கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் எங்கள் ஊர். மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளத்துக்கு எங்களையும் எழுவான்கரையையும் பிரித்துக் கிடக்கிறது. நகரமும் பெரிய வைத்தியமும் அக்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் மட்டும் எங்கள் ஊரில் நோயாளியைப் பெரும்பாலும் பாதையில் ஏற்றித்தான் அக்கரை சேர்ப்போம். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப் போகும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். பாதை ஓடாத இரவில் துறையில் நோயாளியோடு விடியும்வரை இருந்தவர்களின் கதை எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. எனக்கு அந்தக் கஷ்டம் இருக்கவில்லை. எனக்குப் பாலம் இருந்தது.

அம்மாவுக்கு அப்போது 74 வயது. இதயம் பலவீனப்பட்டிருந்தது. இதயம் இரத்தத்தைச் சரியாகத் தள்ளாவிட்டால் உடம்பில் நீர் தேங்கும். முதலில் கால் வீங்கும். பிறகு நுரையீரலில் நீர் கட்டும். ஆள் படுக்க ஏலாமல் இருந்தபடியே மூச்சு வாங்கும். அப்படித்தான் அவவைக் கொண்டுபோனோம். ஒன்பது நாள் வாட்டில் வைத்து, ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். பத்தாம் நாள் காலை வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டலாம் என்றார். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தா. கால் மெலிந்து, பழையபடி எலும்பு தெரிந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு இளம் வைத்தியர் ஒருவர் அட்டையை எழுதி முடித்து என்னைக் கூப்பிட்டார். ஆறுதலாக விளங்கப்படுத்தினார். காலையில் பியூரோசமைட் 40 மில்லிகிராம். அது நீர் போகிறதுக்கு. ஸ்பைரனோலக்டோன் 25 மில்லிகிராம், அது புதிது. பிரஷருக்கு அம்மா முன்பு குடித்த நிபெடிபின் குளிசை இந்த இதயத்துக்குச் சரிவராது, அதை நிப்பாட்டியாச்சு. அந்த வரியின் கீழே பேனையால் இரண்டு கோடு போட்டார். "வீட்டில இருக்கிறத எறிஞ்சிருங்க ஐயா" என்றார். நான் தலையாட்டினேன். என் கண் சுவர் மணிக்கூட்டில் இருந்தது. நான் 30 வருடம் வகுப்பறையில் நின்றவன். கேட்காமல் தலையாட்டும் பிள்ளையை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் எனக்குக் கிடைத்த இலக்கம் 61. நான் போய் இருந்தபோது 44ஐக் கூப்பிட்டார்கள்.

அன்றைக்கு எங்கள் கண்ணகி அம்மன் கோயிலில் கதவு திறந்து இரண்டாம் நாள். வைகாசிச் சடங்கு நாட்களில் இரவில் கண்ணகி வழக்குரை படிப்போம். கோவலனைக் கள்வன் என்று கொன்ற பாண்டியனிடம் கண்ணகி போய் நீதி கேட்கும் கதை. பண்டிதர் வி.சீ. கந்தையா பதிப்பித்த புத்தகத்தைப் பட்டுத் துணியில் சுற்றி வைத்திருப்பேன். 11 வருடமாக நான்தான் படிப்பவன். படிக்கும் பலகையில் நான் இருந்தால் ஊர் அடங்கும். அதற்கு நான் பழகிப்போயிருந்தேன்.

நான் போகாவிட்டால் படிப்பு நின்றுவிடும் என்று இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நின்றிருக்காது. அயலில் ஒரு பொடியன் இருந்தான். 24 வயது. முந்திய வருடம் நான் தண்ணீர் குடிக்க எழும்பிய நேரம் அரை மணித்தியாலம் படித்தான். என்னை விட நல்ல குரல். ஆட்கள் அவனைப் பார்த்த விதம் எனக்குத் தெரியும். அவன் ஓர் இரவு முழுக்கப் படித்துவிட்டால் அடுத்த வருடம் என்னை யார் தேடுவார்கள்? ஜன்னலடி வாங்கில் இருந்து நான் யோசித்தது இதைத்தான். அம்மாவின் மருந்தைப் பற்றி யோசிக்கவில்லை.

அது எரிபொருள் இல்லாத காலம். அந்த வருடம் ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பெற்றோலுக்கு ஆட்கள் நாட்கணக்கில் வரிசையில் கிடந்தார்கள். ஓட்டோக்காரத் தம்பி எங்களுக்காகப் பெற்றோல் சேர்த்து வைத்து வந்திருந்தான். அவன் அவசரப்படுத்தினான் என்று நான் பலரிடம் சொன்னேன். உண்மையில் அவன் இரண்டு தரம் உள்ளே வந்து, "சேர், நான் நிக்கிறன். அம்மா மர நிழல்ல சாஞ்சிருக்கா. நீங்க ஆறுதலா மருந்த எடுத்துக்கு வாங்க" என்றான்.

3 மணி 50க்கு 52ஐக் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் எட்டுப் பேர். ஒரு கிழவர் ஜன்னலில் நின்று, எந்த உறையைக் காலையில் திறப்பது, எதை இரவில் திறப்பது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். உள்ளே இருந்த பிள்ளை கோபிக்காமல் மூன்றாம் முறையும் சொல்லிக் கொடுத்தா. எனக்குத்தான் கோபம் வந்தது. எழும்பினேன். இலக்கத் துண்டைக் கசக்கிச் சட்டைப் பையில் வைத்தேன். வீட்டில் ஒரு டப்பா நிறையப் பழைய குளிசை இருக்கிறது, இரண்டு நாளில் யாரையாவது அனுப்பி எடுக்கலாம் என்று நினைத்தேன். நடந்து வெளியே வந்தேன். யாரும் என்னை மறிக்கவில்லை. ஒரு சதமும் வாங்காமல் தரும் மருந்துக்கு அவர்கள் என்னைக் காத்திருக்கத்தான் சொன்னார்கள். இன்னும் அரை மணித்தியாலம் இருந்திருந்தால் போதும்.

ஆரையம்பதி தாண்டி, மண்முனைப் பாலத்தில் ஏறியபோது அம்மா கேட்டா, "மருந்தெல்லாம் எடுத்திற்றியா மனே?"

"ஓம்மா, எடுத்திற்றன்."

அது முதல் பொய். அம்மா வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தா. சந்தோசமாக இருந்தா.

அன்றிரவு நான் படித்தேன். குரல் நன்றாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் காலை டப்பாவைத் திறந்து நிபெடிபினை எடுத்துக் கொடுத்தேன். கோடு போட்ட அட்டை அலுமாரியில் கிடந்தது. அம்மா குளிசையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தா. "இது பழைய குளிசையெல்லுவா?" என்று கேட்டா. "அதையேதான் குடுத்திருக்காங்க" என்றேன். எனக்கு முன்னாலேயே விழுங்கினா. தங்கச்சி கேட்டபோது வேறு பொய் சொன்னேன். "ஒண்டு ரெண்டு குளிசை அங்க இல்லையாம். தட்டுப்பாடு." அந்த வருடம் அதை யார்தான் நம்பமாட்டார்கள்? பேராதனை போதனா வைத்தியசாலையில் மருந்தில்லாமல் சத்திரசிகிச்சைகளை நிறுத்திய செய்தி மார்ச் கடைசியிலேயே வந்திருந்தது. நாட்டில் உண்மையாகவே மருந்தில்லாமல் எத்தனையோ பேர் துடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களின் துயரத்தை எடுத்து என் தவறை மூடினேன். பக்கத்து வளவு மாமா அதைக் கேட்டுவிட்டு, போயும் என்ன பிரயோசனம் என்று தன் கிளினிக்குக்கு இரண்டு தவணை போகாமல் விட்டார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் அவரிடம் போய்ச் சொல்லவில்லை.

யாரையும் அனுப்பி மருந்து எடுக்கவும் இல்லை. ஒவ்வொரு இரவும் கோயில். ஒவ்வொரு பகலும் நித்திரை.

நான்காம் நாள் பின்னேரம் தங்கச்சி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அம்மாவின் கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அமத்தினாள். விரலை எடுத்தாள். குழி அப்படியே இருந்தது. வாவிக்கரை ஈர மணலில் பதிந்த அடி மெல்ல மெல்ல ஊறி நிரம்புமே, அப்படி நிரம்ப நேரம் எடுத்தது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு இருந்தோம். "வெயிலுக்குக் கால் வீங்கும்தானே" என்றேன். அந்த நேரமே அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் இரவுக்குள் குளிசை வந்திருக்கும். அவள் பக்கத்து வீட்டுச் சைக்கிளையாவது இரந்து எடுத்துக்கொண்டு போயிருப்பாள். அவள் அப்படிப்பட்டவள்.

சடங்கின் கடைசி இரவுத் திருக்குளிர்த்தி முடிந்து விடியப்புறம் வீட்டுக்கு வந்தேன். அம்மா கதிரையில் இருந்தா. முதுகில் மூன்று தலையணை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் மூச்சு எடுத்தா. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல ஒரு சத்தம். நெற்றியெல்லாம் குளிர்ந்த வேர்வை. தங்கச்சி 1990க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிட்டிருந்தாள். நான் குளிர்த்திப் பொட்டோடு அதில் ஏறினேன்.

அம்மா தப்பினா. ஊசியும் ஒட்சிசனும் காப்பாற்றின. மறுநாள் வைத்தியர் கட்டிலடியில் நின்று நேராகவே கேட்டார். "மருந்து ஒழுங்காக் குடிச்சவவா?"

உண்மையைச் சொல்ல அது நல்ல இடம். அவர் ஏசியிருப்பார். வாட்டில் இருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அதில் என்னிடம் படித்த ஒருவரும் இருந்தார். அவ்வளவுதான் எனக்கு நடந்திருக்கும். "ஓம் டொக்டர், நேரம் தவறாமக் குடுத்தனாங்க" என்றேன்.

மருந்து குடித்தும் ஒரு கிழமைக்குள் இப்படி ஆனதென்றால் மருந்து போதவில்லை, அல்லது உப்புக் கூடியிருக்கிறது. அவர் அப்படித்தான் நினைக்க முடியும். என் சொல்லை நம்பி நீர்க் குளிசையை இரட்டித்தார். பிறகு தங்கச்சியைப் பார்த்து, சமைப்பது யார் என்று கேட்டார். உப்புச் சேர்த்தீங்களா, கருவாடு, ஊறுகாய் ஏதும் குடுத்தீங்களா? தங்கச்சி பொய் தெரியாதவள். "ஒரு நாள் ஒரு துண்டு நெத்தலிக் கருவாடு குடுத்தன் டொக்டர். வாய்க்கு ருசியில்லை எண்டு கேட்டவ. அதாலயா?" என்றாள். தாதி அவளுக்குக் கடுமையாகவே புத்தி சொன்னா. தன் வேலையைத்தான் செய்தா. தங்கச்சி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்துக் கட்டிலில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி இருந்தா. கதை அங்கிருந்துதான் போனது.

நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். ஐந்து இரவு ஊருக்குக் கண்ணகியின் வழக்கைப் படித்துக் காட்டிய வாய் எனக்கு. என் தங்கச்சிக்காக அது திறக்கவில்லை.

இரண்டாம் முறை துண்டு வெட்டியபோது நான் அசையாமல் காத்திருந்தேன். 40 நிமிடம். எல்லாக் குளிசையும் இருந்தது. ஒன்றுகூட வெளியில் வாங்கச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் இரவு அம்மா எழும்பும்போது தலை சுற்றி விழுந்து மணிக்கட்டை முறித்தா. இரட்டித்த மருந்தால்தான் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவர்களுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு தங்கச்சி பயந்தே சமைத்தாள். அளந்து சமைத்தாள். அம்மாவின் கையில் எதையும் விடமாட்டாள். கடைசி மாதங்களில் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "ஒரு கருவாட்டுத் துண்டு, நாக்கில வைக்க மட்டும்" என்று கெஞ்சுவா. தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். நான் திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். 2023 கார்த்திகையில் அம்மா போனா. செத்த வீட்டில் இரண்டு பெண்கள் தங்கச்சியின் முதுகுக்குப் பின்னால் கருவாட்டுக் கதையைக் குசுகுசுத்தார்கள். அவளுக்கும் கேட்டது. எனக்கும் கேட்டது.

ஆண்டுத் திவசம் முடிந்து ஆட்கள் போன பிறகு அவளிடம் சொன்னேன். குசினி வாசலில் இருந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். 61இல் தொடங்கி வாட்டு வரை எல்லாவற்றையும் சொன்னேன். கழுவிக்கொண்டிருந்த கை நின்றது. பைப்பில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. கனநேரத்துக்குப் பிறகு கேட்டாள்.

"அப்ப அம்மா கேட்ட நேரம் ஒரு துண்டு குடுத்திருக்கலாம், என்ன அண்ணன்?"

உப்பைக் குறைக்கச் சொன்னது சரியான வைத்தியம்தான். அவள் செய்ததில் பிழை ஒன்றும் இல்லை. அதைச் சொல்லி அவளைத் தேற்றியிருக்கலாம். ஆனால் அந்தப் பயத்தை அவளுக்குள் வைத்தவன் நான். "ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் பைப்பைப் பூட்டினாள். "ஊரெல்லாம் கதைச்சது. நீங்க கேட்டுக்கு இருந்தீங்க" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "என்ர மகனும் அப்பிடித்தான் நினைச்சிருக்கான். அவனுக்கு முதல் சொல்லுங்க. பிறகு எல்லாருக்கும் சொல்லுங்க."

மருமகனுக்கு அன்றிரவே சொன்னேன். பக்கத்து வளவு மாமாவுக்கு அடுத்த கிழமை சொன்னேன். மற்ற எல்லாருக்கும் இதை எழுதியிருக்கிறேன்.